ஐயாயிரம் மரக்கன்று நட்டால் கல்லூரியின் கார்பன் கணக்கு தீருமா?

கொங்குப் பகுதியில் ஒரு பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருப்பதாகச் சொல்லி நீங்கள் கேட்டிருப்பது இது: நிர்வாகம் 2030-க்குள் ‘கார்பன் சமநிலை வளாகம்’ (வெளியிடும் கார்பனும் ஈடுகட்டும் கார்பனும் சமமான வளாகம்) ஆகப்போவதாக அறிவித்துவிட்டது, அதற்கான குழுவில் உங்களைப் போட்டிருக்கிறார்கள், முதல் வேலையாக 5,000 மரக்கன்று நடத் திட்டம், இது போதுமா, வேறு என்ன செய்யலாம்? கூடவே சில எண்களும் தந்திருக்கிறீர்கள். மாணவர்கள் 4,200 பேர், அதில் ஹாஸ்டலில் 1,500 பேர், பேருந்துகள் 58, மின்சாரம் ஆண்டுக்குச் சுமார் 14.5 லட்சம் யூனிட். இந்த எண்களைப் பார்த்ததும்தான் உட்கார்ந்து எழுதத் தோன்றியது. பெரும்பாலும் இந்தக் கேள்வி எண்ணே இல்லாமல்தான் வரும்.

உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக நான் எடுத்துக்கொள்கிறேன். “குறைத்துவிட்டோம்” என்று 2030-இல் மேடையில் சொல்லும்போது நிஜமாகவே குறைந்திருக்க வேண்டும். அதற்கு முதல் ரூபாயையும் முதல் வருடத்தையும் எங்கே போடுவது? அதற்குத்தான் பதில் சொல்லப்போகிறேன். நான் சான்று பெற்ற எரிசக்தித் தணிக்கையாளர். 23 வருடமாக இதுதான் தொழில். முதல் பாதி நூற்பாலைகளில் போனது, அப்புறம் கல்லூரிகளும் மருத்துவமனைகளும். மீட்டர், மோட்டார், ஏ.சி., பாய்லர் பற்றிச் சொல்வதை நம்பிக்கையோடு சொல்வேன். மரம், மண் பற்றிச் சொல்வது மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது, அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. இந்திய மின்தொகுப்பிலிருந்து ஒரு யூனிட் எடுத்தால் 0.7 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. மத்திய மின்சார ஆணையம் வருடாவருடம் இந்த எண்ணை வெளியிடுகிறது. 0.71 என்று வைத்தால் உங்கள் மின்சாரம் மட்டும் ஏறக்குறைய 1,030 டன். அடுத்தது பேருந்து. ஒரு வண்டி நாளைக்கு 80 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் தருகிறது, வருடத்தில் 220 நாள் என்று வையுங்கள். வண்டிக்கு 3,900 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ. ஆக, ஒரு வண்டிக்குப் பத்தரை டன், 58 வண்டிக்கு 600 டன். மெஸ்ஸில் ஒரு மாணவருக்கு மாதம் 2 கிலோ எரிவாயு என்று பிடித்தால் பத்து மாதத்தில் 30,000 கிலோ. கிலோவுக்கு 3 கிலோ வீதம் 90 டன். ஜெனரேட்டர் டீசல் 30 டன் இருக்கலாம். ஏ.சி.யில் கசிகிற வாயு ஒரு 50 டன், அதைப் பிறகு விளக்குகிறேன். மொத்தம் 1,800 டன். பேருந்து ஓடும் தூரம், எரிவாயு, ஜெனரேட்டர், ஏ.சி. வாயு ஆகிய நான்கும் என் ஊகம். டிரிப் ஷீட்டையும் ஸ்டோர்ஸ் பதிவேட்டையும் எடுத்து உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். மாணவர்களின் பைக்கும் ஆசிரியர்களின் காரும் இதில் சேரவில்லை.

இப்போது மரம். நன்றாக வளர்ந்த ஒரு மரம் வருடத்துக்கு 20 கிலோ அளவில் கார்பன் டை ஆக்சைடை இழுக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இனம், மண், தண்ணீரைப் பொறுத்து இது பாதியாகவும் ஆகலாம், இரண்டு மடங்காகவும் ஆகலாம். 20 என்றே எடுத்துக்கொண்டாலும், நட்ட 5,000-மும் பிழைத்து, பத்துப் பதினைந்து வருடம் வளர்ந்து நின்றால் வருடத்துக்கு 100 டன். உங்கள் 1,800 டன்னில் பதினெட்டில் ஒரு பங்கு. மொத்தத்தையும் மரத்தாலேயே ஈடுகட்ட 90,000 மரம் வேண்டும். பத்தடிக்கு ஒன்று நட்டாலும் 200 ஏக்கருக்கு மேல் தேவை. மேலும் 2030-இல் உங்கள் கன்றுகளுக்கு நாலைந்து வயதுதான் ஆகியிருக்கும். மரம் நடுங்கள், தாராளமாக நடுங்கள். வேம்பும் புங்கனும் நிற்கிற வளாகத்தில் ஏப்ரல் மாத மதியம் நடந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மேற்குச் சுவருக்கு நிழல் விழுகிற மாதிரி நட்டால் அந்த அறைகளின் சூடும் குறையும். ஆனால் அதைக் கார்பன் கணக்கில் முதல் வரியாக எழுதாதீர்கள்.

முதல் வரி எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஒரு அனுபவத்தைச் சொல்கிறேன். சில வருடம் முன்பு தென் மாவட்டத்தில் ஒரு கல்லூரி. ஆண்டுக்கு 12 லட்சம் யூனிட் ஓடுகிற வளாகம். தீபாவளி விடுமுறை, ஹாஸ்டல் காலி, கேட்டில் காவலாளி மட்டும். இரவு 2 மணிக்கு ஈ.பி. யார்டில் மீட்டரைப் பார்த்தேன், 48 கிலோவாட் காட்டியது. ஒரு ஆளும் இல்லாத இடம். 48 கிலோவாட் வருடம் முழுக்க ஓடினால் 4.2 லட்சம் யூனிட், அதாவது அவர்களுடைய மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு. விடியும்வரை கட்டடம் கட்டடமாகப் போய் பேனல் போர்டில் கிளாம்ப் மீட்டரை (கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி) போட்டுத் தேடினோம். ஆய்வகங்களில் 14 யூ.பி.எஸ். ஓடிக்கொண்டிருந்தது, கம்ப்யூட்டர் எல்லாம் அணைந்திருந்தும். சுமையே இல்லாமல் ஒவ்வொன்றும் அரை முதல் ஒரு கிலோவாட் தின்னும். சர்வர் அறையில் மூன்று ஏ.சி. 18 டிகிரியில். மேல்நிலைத் தொட்டி ஒன்றில் மிதவை சுவிட்ச் பழுதாகி, நீர்மூழ்கி மோட்டார் தண்ணீரை ஏற்ற ஏற்ற அது வழிந்து தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. “அந்த இடம் எப்பவும் ஈரமாத்தான் சார் இருக்கும்” என்றார் காவலாளி. எல்லா அறையிலும் குடிநீர் குளிரூட்டி, ஆளில்லாத விளையாட்டு மைதானத்தில் விளக்கு, பாதிச் சுமைகூட இல்லாத இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மர்.

இதைச் சரிசெய்ய இரண்டு லட்ச ரூபாய்கூட ஆகவில்லை. யூ.பி.எஸ்.ஸுக்கு மாலை ஆறு மணிக்கு அணைக்கும் பொறுப்பு ஒரு ஆய்வக உதவியாளரிடம், தொட்டிகளுக்கு நீர்மட்ட உணரி, சர்வர் அறை 25 டிகிரி, குளிரூட்டிகளுக்கு டைமர், விடுமுறையில் இரண்டாவது டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்துவது. அடுத்த பொங்கல் விடுமுறையில் அதே நேரம் பார்த்தபோது 19 கிலோவாட். வருடக் கணக்கில் இரண்டரை லட்சம் யூனிட் மிச்சம், 180 டன். ஒன்பதாயிரம் வளர்ந்த மரம் செய்கிற வேலை. இந்த அளவு பலன் எல்லா வளாகத்திலும் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் விடுமுறை இரவில் மீட்டரைப் பார்த்து நான் ஏமாந்து திரும்பிய கல்லூரி இதுவரை ஒன்றுகூட இல்லை.

அடுத்தது மின்விசிறி. பழைய விசிறி 75 வாட் எடுக்கிறது, பி.எல்.டி.சி. என்ற சிக்கன மோட்டார் வைத்த புதுவகை விசிறி முழு வேகத்தில் 30 வாட் அளவில். கல்லூரிகள் இதை வாங்கும்போது வழக்கமாக முதல்வர் அறையிலும் புது வகுப்பறைகளிலும் மாட்டுவார்கள். ஹாஸ்டலிலிருந்து தொடங்குங்கள் என்று நான் சொல்வேன். ஹாஸ்டல் விசிறி இரவு முழுக்கச் சுற்றும், வருடத்துக்கு 2,800 மணி நேரம். வகுப்பறை விசிறி அதில் பாதி. யூனிட் எட்டரை ரூபாய், விசிறி 2,800 ரூபாய் என்று வைத்தால் ஹாஸ்டலில் போட்ட பணம் இரண்டரை வருடத்தில் திரும்பும், வகுப்பறையில் ஐந்து வருடம் ஆகும். அதே விசிறிதான், மாட்டும் இடம்தான் வேறு.

ஏ.சி.யில் இரண்டு விஷயம். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று எரிசக்திச் சிக்கனப் பணியகமே சொல்கிறது. கருத்தரங்கு அறையை 18-இல் வைத்துவிட்டு விருந்தினருக்குச் சால்வை போர்த்துகிற வழக்கத்தை விட்டு, 25-இல் வைத்து விசிறியும் போட்டால் யாருக்கும் வியர்க்காது. இன்னொன்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அது உள்ளே இருக்கும் வாயு. பழைய ஏ.சி.க்களில் இருக்கும் ஆர்-22, கார்பன் டை ஆக்சைடைவிட ஏறக்குறைய 1,800 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். ஆர்-410ஏ இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்றில் தோராயமாக ஒரு கிலோ வாயு இருக்கும். “கேஸ் போட்டுடலாம் சார்” என்று மெக்கானிக் ஒவ்வொரு கோடையிலும் நிரப்பிப் போகிறார் என்றால், போன வருடம் போட்டது காற்றில் கலந்துவிட்டது என்று பொருள். ஒரு ஏ.சி.க்கு 1.8 டன், 2,500 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கசிவை அடைக்காமல் வாயு நிரப்பக் கூடாது, கழற்றும் ஏ.சி.யின் வாயுவைச் சிலிண்டரில் திரும்பப் பிடிக்க வேண்டும். இந்த இரண்டையும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுதுங்கள். புதிதாக வாங்கினால் ஆர்-32 (675 மடங்கு), கிடைத்தால் ஆர்-290; அதன் தாக்கம் மிகமிகக் குறைவு.

உங்கள் மின்துறை ஆசிரியர்கள் பவர் ஃபேக்டரைப் பற்றிச் சொல்வார்கள்; இழுக்கும் மின்திறனில் எவ்வளவு உண்மையில் வேலை செய்கிறது என்ற விகிதம் அது. கெபாசிட்டர் போட்டால் கேவிஏ டிமாண்ட் (ஈ.பி.யிடமிருந்து இழுக்கும் உச்ச அளவு) குறையும், பில் குறையும், அதனால் கட்டாயம் செய்யுங்கள். ஆனால் யூனிட் பெரிதாகக் குறையாது, ஆகவே கார்பனும் பெரிதாகக் குறையாது. பில் குறைவதும் கார்பன் குறைவதும் பல இடங்களில் சேர்ந்தே நடக்கும், இந்த மாதிரி சில இடங்களில் பிரியும். அறிக்கை எழுதும்போது கவனம்.

சூரிய மின்சாரம் பற்றிச் சந்தேகமே வேண்டாம். நம் ஊரில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், வருடத்துக்கு 1,400-க்கு மேல், அதாவது கிலோவாட்டுக்கு ஒரு டன். நிழல் விழாத கூரை ஒரு லட்சம் சதுர அடி இருந்தால் ஆயிரம் கிலோவாட் வரை போடலாம். ஆனால் அவ்வளவு போடத் தேவையில்லை. கல்லூரியின் பகல் சுமை, ஞாயிற்றுக்கிழமை, மே மாத விடுமுறை எல்லாம் பார்த்து அளவை முடிவு செய்ய வேண்டும். மிஞ்சும் மின்சாரத்துக்கு என்ன கிடைக்கும், என்ன கட்டணம் பிடிப்பார்கள் என்ற விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஒப்பந்தம் போடும் மாதத்தில் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் நடப்பு உத்தரவைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். போட்ட பிறகு கவனிப்பது அதைவிட முக்கியம். ஒரு வளாகத்தில் இன்வெர்ட்டர் ஒன்று டிரிப் ஆகி ஐந்து வாரம் யாருக்கும் தெரியவில்லை. பேனல் கூரையில் பளபளவென்று இருந்தது, மின்சாரம் ஈ.பி.யிலிருந்து வந்துகொண்டிருந்தது.

காற்றாலை பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். தமிழ்நாட்டில் பல கல்லூரிகள் கேப்டிவ் முறையில், அதாவது சொந்தப் பயன்பாட்டுக்கான மின்நிலையம் என்ற கணக்கில், காற்றாலையில் பங்கு வாங்கியிருக்கின்றன. பயன்படுத்துபவர்கள் 26 சதவீதப் பங்காவது வைத்திருந்து, உற்பத்தியில் 51 சதவீதமாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டின் மின்சார விதி. பில் நன்றாகக் குறையும். கார்பன் குறைகிறதா? உங்கள் பணத்தால் புதிதாக ஒரு காற்றாலை எழும்பினால், ஆம் என்பேன். இருபது வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய காற்றாலையில் யாரோ வைத்திருந்த பங்கை வாங்கினால், முன்பு வேறொருவர் கணக்கில் இருந்த காற்று இப்போது உங்கள் கணக்குக்கு வந்திருக்கிறது. வானத்துக்குப் போகும் புகை மாறவில்லை. கணக்கு விதிகள் இதை அனுமதிக்கலாம், ஆனாலும் இரண்டையும் ஒரே வரியில் எழுதாதீர்கள் என்று நான் கேட்டுக்கொள்வேன்.

பேருந்துக்கு வருகிறேன். நம் பொறியியல் கல்லூரிகளின் தனித்த பிரச்சினை இது, வெளிநாட்டுக் கையேடுகளில் இதற்குப் பதில் கிடைக்காது. ஊருக்கு வெளியே நிலம் மலிவாகக் கிடைத்த இடத்தில் கல்லூரி, அறுபது எழுபது கிலோமீட்டர் சுற்றளவிலிருந்து பிள்ளைகள். உடனே மின்பேருந்து வாங்கலாமா என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் தரும் டீசல் பேருந்து கிலோமீட்டருக்கு 0.6 கிலோ வெளியிடுகிறது. ஏ.சி. இல்லாத பெரிய மின்பேருந்து கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டாவது எடுக்கும். தொகுப்பு மின்சாரம் என்றால் 0.7 கிலோ. டீசலைத் தோண்டி, சுத்திகரித்துக் கொண்டுவரும்போது வெளியாகும் கார்பனையும் சேர்த்தால் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். இரவில் ஈ.பி. மின்சாரத்தில் சார்ஜ் போட்டால் புகை மேட்டூர் அனல் மின்நிலையத்தின் பக்கம் போகிறது, அவ்வளவுதான். ஊருக்குள் காற்று சுத்தமாகும் என்பது தனி நன்மை.

ஆனால் கல்லூரிப் பேருந்துக்கு ஒரு குணம் உண்டு. நகரப் பேருந்து பகல் முழுக்க ஓடும். கல்லூரிப் பேருந்து காலை ஒன்பது மணிக்கு வந்து நின்றால் மாலை நான்கு, நாலரைக்குத்தான் கிளம்பும். வெயில் அடிக்கிற நேரம் முழுக்க உங்கள் மைதானத்தில் சும்மா நிற்கிறது. அந்த வண்டிகளின் தலைக்கு மேல் பேனல் கூரை போட்டு அங்கேயே சார்ஜ் ஏற்றினால் நாளுக்கு 80 கிலோமீட்டர் என்பது பேட்டரிக்குப் பெரிய வேலையே இல்லை. இப்படி ஓடும் வண்டியில் மட்டுமே மின்பேருந்து முழுப் பலன் தரும் என்பது என் கருத்து. விலை இன்னும் அதிகம், பேட்டரி எத்தனை வருடம் தாங்கும் என்பது நம் சாலையில் ஓட்டிப் பார்த்துத்தான் தெரியும்; ஆகவே 58-ஐயும் மாற்றச் சொல்லவில்லை. ஆயுள் முடிகிற வண்டிகளுக்குப் பதிலாக இரண்டு மூன்று வாங்கிப் பாருங்கள்.

அதற்கு முன் செலவில்லாத வேலை இருக்கிறது. ஒரு வாரம், ஒவ்வொரு பேருந்திலும் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று ஓட்டுநரை எழுதச் சொல்லுங்கள். சேர்க்கை குறைந்த பிறகும் பழைய வழித்தடத்திலேயே 55 இருக்கை வண்டி 22 பேரோடு ஓடுவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். வழித்தடங்களை இணைத்தாலே 58-இல் ஆறேழு வண்டி நிற்கலாம். வண்டிக்குப் பத்தரை டன் என்பதை மறக்காதீர்கள். அரசு நகரப் பேருந்து கல்லூரி வாசல் வரை வருகிறதா என்பதையும் பாருங்கள். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நேரம் ஒத்துவந்தால் உங்கள் மாணவிகளில் கணிசமானவர்கள் அதில் வருவார்கள். கிளை மேலாளரிடம் முதல்வர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுத்துக் கேட்டால் நேரத்தை மாற்றிக் கொடுத்ததும் உண்டு. இதைச் சொன்னால் பேருந்துக் கட்டணம் போய்விடுமே என்று நிர்வாகம் தயங்கும். அந்தத் தயக்கத்தை நேராகப் பேசித்தான் தீர்க்க வேண்டும்.

மெஸ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய சமையலுக்கு நீராவி முறை நல்லது. விறகு, பிரிக்கெட் (அழுத்திச் செய்த கழிவுக் கட்டி) பாய்லர் என்றால் அந்த விறகு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். குளிக்க வெந்நீருக்கு கீசரை எடுத்துவிட்டு சூரிய வெந்நீர்க் கலனோ, வெப்ப பம்போ வையுங்கள். வெப்ப பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் சூட்டைத் தரும். மிச்ச உணவில் சாண எரிவாயு மாதிரி வாயு எடுப்பது நல்ல திட்டம். 100 கிலோ கழிவில் எட்டு, பத்து கன மீட்டர் வாயு வரும், 4 கிலோ சிலிண்டர் வாயுவுக்குச் சமம். கழிவு இப்போது குப்பை மேட்டுக்குப் போய் மீத்தேன் ஆகிறது என்றால் அதைத் தடுத்ததும் உங்கள் கணக்கில் வரும். பன்றிப் பண்ணைக்காரர் தினமும் வந்து எடுத்துப் போகிறார் என்றால் அந்தப் பங்கு வராது, மிச்சமாகும் சிலிண்டர் மட்டும்தான். எதற்கும் முன்னால், 1,500 பேருக்கு எவ்வளவு சாதம் வடிக்கிறோம், எவ்வளவு வாளியில் போகிறது என்று பத்து நாள் எடைபோட்டுப் பாருங்கள். எடைபோட்டு மெஸ் வாசலில் எழுதிவைத்த இடங்களில் மாஸ்டர் தானாகவே அளவைக் குறைத்ததைக் கண்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கடிதத்தின் கடைசியில், அடுத்த வருடம் 50,000 சதுர அடியில் கண்ணாடி முகப்போடு ஒரு புதுக் கட்டடம் வருவதாக ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் குழுவின் முதல் கூட்டமே அதைப் பற்றித்தான் நடக்க வேண்டும். சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட் என்பது நம் கொத்தனார்களின் கணக்கு. 20,000 மூட்டை, ஆயிரம் டன் சிமெண்ட். ஒரு டன் சிமெண்டுக்கு 600 முதல் 800 கிலோ கார்பன் டை ஆக்சைடு. கம்பியைச் சேர்க்காமலே 600 டன்னுக்கு மேல், அதாவது உங்கள் 58 பேருந்தும் ஒரு வருடம் ஓடுவதற்குச் சமம். அப்புறம் அந்தக் கண்ணாடி மேற்கு வெயிலை உள்ளே விட, ஐம்பது வருடம் ஏ.சி. போட வேண்டியிருக்கும். முதலில் கால அட்டவணையை எடுத்து, இருக்கிற அறைகள் வாரத்தில் எத்தனை மணி நேரம் பூட்டிக் கிடக்கின்றன என்று பாருங்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட், நீள முகங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்க, மேற்கில் மாடிப்படியும் கழிப்பறையும், கூரையில் வெள்ளை ஓடு. சுண்ணாம்புக்கல்லும் சுட்ட களிமண்ணும் கலந்து செய்யும் எல்.சி.3 என்ற சிமெண்டில் சென்னை ஐ.ஐ.டி.யும் டெல்லி ஐ.ஐ.டி.யும் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள். அதில் வழக்கமான சிமெண்டைவிட முப்பது சதவீதத்துக்கு மேல் வெளியீடு குறைகிறது. உங்கள் பகுதியில் கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

வாய்ப்பு இருந்தால் உங்கள் கட்டடக்கலைஞரையும் தாளாளரையும் திருவனந்தபுரம் அழைத்துப் போங்கள். அங்கே உள்ளூர் என்ற பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் 1970-களின் தொடக்கத்தில் கட்டினார். பூசாத செங்கல், சுவர் முழுக்க இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலி, வெட்டாமல் விட்ட மரங்களைச் சுற்றி வளைந்து போகும் கட்டடங்கள். காங்கிரீட்டில் ஒரு பகுதியைக் கூரை ஓடுகளைப் பதித்தே மிச்சப்படுத்தும் கூரை முறையை அவர்தான் பரவலாக்கினார். அங்கே போய் நின்றால் காற்று சுவருக்குள் நுழைந்து வருவதை உடம்பே சொல்லும். நான் பேசிப் புரியவைக்க முடியாத நிர்வாகிகள் அதைப் பார்த்து மனம் மாறியதை அறிவேன்.

வெளிநாட்டு உதாரணங்களைத் தேடிப் படித்ததாகச் சொன்னீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2015-இல் எரிவாயு மின்நிலையத்தை மூடிவிட்டு, கட்டடங்களைக் குளிர்விக்கும்போது வெளியேறும் சூட்டைப் பிடித்து மற்றக் கட்டடங்களைச் சூடாக்கும் முறைக்கு மாறியது. அருமையான பொறியியல். ஆனால் அவர்களின் பெரிய செலவுகளில் ஒன்று குளிர்காலச் சூடேற்றம், அது நமக்கு இல்லவே இல்லை. நமக்கு ஒத்துவருகிற பகுதி ஒன்று உண்டு: பெரிய ஏ.சி. பிளாண்டின் சூட்டை ஹாஸ்டல் வெந்நீருக்குத் திருப்புவது. மேலைப் பல்கலைக்கழகங்களில் விமானப் பயணம் பெரிய பங்கு வகிக்கிறது. உங்கள் கல்லூரிக்கு அது சில டன்கள்தான், இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

பணமும் ஆளும். மின்சாரத்தில் மிச்சமாகும் பணம் பொதுக் கணக்கில் கரைந்துவிட்டால் இரண்டாவது வேலைக்கு நிதி வராது. ஹார்வர்டில் 2000-களின் தொடக்கத்திலேயே ஒரு சுழல் நிதி வைத்தார்கள்: அதில் கடன் வாங்கி வேலையைச் செய்வது, மிச்சத்திலிருந்து நிதிக்குத் திருப்பிக் கட்டுவது. பத்து லட்சத்தில் நீங்கள் இதைத் தொடங்கலாம். அப்புறம் ஒரு ஆள். குழு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தினமும் காலை ஆறு மணிக்கு மீட்டரைப் படித்து, நேற்றைவிட ஏன் கூடியது என்று கேட்பது ஒருவரின் வேலையாக, சம்பளத்தோடு இருக்க வேண்டும். கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் தர மதிப்பீட்டின் ஏழாவது அளவுகோலில் எரிசக்தித் தணிக்கையும் பசுமைத் தணிக்கையும் வந்த பிறகு, இரண்டு நாள் வந்து படம் எடுத்துப் போய், முந்தைய கல்லூரியின் பெயரைக்கூட மாற்ற மறந்த அறிக்கையைக் கொடுப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அப்படி ஒரு அறிக்கையை என் கையிலேயே கொடுத்து “ஏற்கெனவே செய்தாகிவிட்டது” என்றார்கள் ஒரு வளாகத்தில். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தப் பிள்ளைகள் பொறியியல் படிக்க வந்தவர்கள். கற்றுக்கொள்ள அவர்களுக்கு மிகப் பெரிய ஆய்வகமே அந்த வளாகம்தான். உங்கள் தணிக்கையை இறுதியாண்டு மாணவர்கள் கூட நின்று அளக்கிற மாதிரி செய்யுங்கள்.

2030-க்குள் சமநிலை சாத்தியமா? நேர்மையாகச் சொன்னால், விலைக்கு வாங்கும் கார்பன் வரவு (வேறொருவர் குறைத்ததைப் பணம் கொடுத்து நம் கணக்கில் சேர்ப்பது) இல்லாமல் முடியாது என்றே நினைக்கிறேன். இப்போதைய 1,800 டன்னைப் பாதியாகக் குறைப்பது முடியும்: வீணாக ஓடுவதை நிறுத்துவது, விசிறி, கூரைச் சூரியன், பேருந்து வழித்தடம், இந்த நான்கிலேயே பெரும்பகுதி வந்துவிடும். மிச்சத்துக்கு வரவு வாங்குவதும் வாங்காததும் நிர்வாகத்தின் முடிவு. வாங்கினால் “இவ்வளவு குறைத்தோம், இவ்வளவு வாங்கினோம்” என்று இரண்டு தனி வரியாக வெளியிடச் சொல்லுங்கள். பாதியாகக் குறைத்த ஒரு கல்லூரி அதைப் பாதி என்றே சொன்னால் நான் எழுந்து நின்று கைதட்டுவேன்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். சனிக்கிழமை மாலை எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிவைத்து, ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு இரண்டு மாணவர்களோடு ஈ.பி. யார்டுக்குப் போய் மீட்டரில் கிலோவாட் எவ்வளவு என்று எழுதுங்கள். ஹாஸ்டலுக்குப் போகும் மின்தடத்துக்கு (ஃபீடர்) தனி மீட்டர் இருந்தால் அதையும் எழுதிக் கழித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணையும், கடந்த 12 மாத ஈ.பி. பில்லையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துவிட்டு அடுத்தது எங்கே தேடலாம் என்று எழுதுகிறேன்.